வறண்ட ஊருணியில் மீன்குஞ்சு விடும் நாடகம்: அரசியல் கேலியும் அரசியல் சொல்லும்

காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவர் ஊரில் அம்மன் கோயில் திருவிழா வருகிறது. நண்பர்கள் சேர்ந்து இருபது நிமிட நாடகம் ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஊருணியைத் தூர்வாரிப் படித்துறை கட்டி முடித்தாகிவிட்டது என்று ஊர் எல்லையில் பலகை நிற்கிறது. ஊருணிக்குள் சீமைக்கருவேலம் நிற்கிறது. அதுதான் கதை. ஒத்திகை பார்த்த பெரியப்பா, “கேலி பேசி எந்தக் காரியம்ப்பா நடந்திருக்கு? மனுவா எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டாராம். கூட எழுதிய நண்பர் இன்னொரு பக்கம்: “கேலியெல்லாம் பயந்தவன் செய்யிற வேலை. மேடையில ஏறி நேராத் துரோகின்னு சொல்லுவோம்” என்கிறாராம். இதில் யார் சொல்வது சரி, அரசியல் நையாண்டிக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா, மேடையில் எந்தச் சொல்லை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்பது கேள்வி. நாடகப் பிரதியையும் அனுப்பியிருந்தார். முழுக்கப் படித்தேன்.

தம்பி, நாடகத்தைப் போடுங்கள். இரண்டு காட்சிகளை மட்டும் எடுத்துவிட்டுப் போடுங்கள். எந்தக் காட்சிகள், ஏன் என்பது கடைசியில் வரும். அதற்கு முன்னால் பெரியப்பாவுக்கும் உங்கள் நண்பருக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் திருவிழா என்றால் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் இருக்கும். முருகன் வருவதற்கும் நாரதர் வருவதற்கும் முன்னால் பபூன் வருவார். ஆர்மோனியக்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை, கடைக்கதை, தேர்தல் கதை எல்லாவற்றையும் இழுப்பார். நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த ஒரு பபூன் இன்னும் நினைவில் இருக்கிறார். எங்கள் ஊர் ரேஷன் கடையில் ‘சர்க்கரை இருப்பு உள்ளது’ என்று ஒரு பலகை தொங்கும். சர்க்கரை கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். அந்தப் பபூன் கடைக்காரரைத் திட்டவில்லை. கள்ளச்சந்தை என்ற சொல்லையே எடுக்கவில்லை. பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். “சர்க்கரை... இருப்பு... உள்ளது.” ஆர்மோனியக்காரர், “எங்கே உள்ளது?” என்றார். “இருப்பில் உள்ளது.” “இருப்பு எங்கே உள்ளது?” “பலகையில் உள்ளது.” அவ்வளவுதான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஒரு வாரத்தில் அந்தப் பலகையைக் காணோம்.

சர்க்கரை உடனே வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்கு நினைவில்லை. ஆனால் அன்று ராத்திரி வேறொன்று நடந்தது, அதைத்தான் பெரியப்பாவிடம் நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும். சர்க்கரை வேறெங்கோ போகிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தனக்கு மட்டும் தெரிந்ததாக, வாசல் திண்ணையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் முந்நூறு பேர் ஒரே நொடியில் சிரித்தபோது, மற்றவர்களுக்கும் தெரியும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்துபோனது. மறுநாள் கடையில் கேள்வி கேட்டவர் தனியாள் இல்லை. மனுவை ஒருவர் எழுதி ஒருவரிடம் கொடுக்கலாம். அதற்குப் பின்னால் ஊர் நிற்கவேண்டுமென்றால் இந்தச் சிரிப்பு முதலில் நடக்கவேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் இதே வள்ளி திருமண மேடைதான் அரசாங்கத்துக்குத் தலைவலியாக இருந்தது. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சி எல்லாருக்கும் தெரியும். நாடக நடிகர் விசுவநாததாஸ் அந்த இடத்தில் ‘வெள்ளைக் கொக்கு’ என்று பாடினார். கொக்கு வெள்ளைதானே, தினைப்புனத்துக்கு வருவதுதானே, இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் எந்தக் கொக்கு என்று தெரியும். அவரைப் பல தடவை சிறையில் போட்டார்கள். 1940 கடைசியில், சென்னையில், முருகன் வேடத்தில் மயிலாசனத்தில் இருந்தபடியே உயிர் விட்டார். நாடகத்தைத் தடை செய்வதற்கென்றே 1876-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. சுதந்திரம் வந்தபின் 1954-ல் சென்னை மாநிலத்திலும் அதே மாதிரி ஒரு சட்டம் போட்டார்கள். கேலியால் எந்தக் காரியமும் ஆகாது என்று பெரியப்பா நினைக்கிறார். ஆட்சியில் இருந்தவர்கள் அப்படி நினைத்திருந்தால் இரண்டு சட்டங்கள் எதற்கு?

சரி, நண்பருக்கு வருகிறேன். கேலி பயந்தவன் வேலையா?

தமிழில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேராகவே வைதால் அது செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்று பெயர். பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். நண்பர் கேட்பது முதல் வகை, நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் இரண்டாவது கோழையின் வழி என்று நினைத்தால், புறநானூற்றின் 95-ஆம் பாட்டை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். ‘என்னோடு மோதாதே என்று உன் அரசனிடம் போய்ச் சொல்’ என்பதுதான் அதற்கு அர்த்தம். ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறார்: உங்கள் வேல்கள் மயில்பீலி அணிந்திருக்கின்றன, மாலை சூட்டியிருக்கின்றன, காம்பெல்லாம் திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையில், சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன.

நான் வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுப்பேன்: இதில் திட்டுச்சொல் எது என்று அடிக்கோடிடுங்கள். யாராலும் முடியாது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஒரு சொல்கூட மிகை இல்லை. பீலி இருந்தது, மாலை இருந்தது, நெய் பூசியிருந்தது. கண்ணால் பார்த்ததை வரிசையாகச் சொன்னார். அந்த வரிசையே ‘நீ போரே பார்க்காதவன்’ என்று சொல்லிவிட்டது. இதைச் சொன்னவர் படை வைத்திருப்பவன் முன்னால், அவன் அரண்மனையிலேயே நின்று சொன்னார். இதைப் பயந்தவர் வேலை என்று யாராவது சொல்லமுடியுமா?

வள்ளுவரும் இந்த வித்தை தெரிந்தவர். கயமை அதிகாரத்தில் (1073) கயவரைத் தேவர்களுக்குச் சமம் என்று புகழ்கிறார். ஏனென்றால் இருவருமே தான் நினைத்ததைச் செய்கிறவர்கள், தடுக்க ஆள் கிடையாது. அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒன்று சொல்ல எனக்குத் தெரியாது.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். கதருக்கு நிதி திரட்டும் பயணம். நம் ஊர் வீடுகளை உங்களுக்குத் தெரியும்: முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவே உள்ளே இருக்கும். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, வெளிநாட்டு விளக்குகள், நாற்காலிகள். அதையெல்லாம் பார்த்த காந்தி, விருந்து கொடுத்தவர்களிடமே சொன்னார்: இந்த வீடுகளுக்குச் சாமான் போடும் குத்தகையை என்னிடம் கொடுங்கள். இதில் பத்தில் ஒரு பங்கு செலவில், இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் போட்டுக் கொடுக்கிறேன், உங்களைவிடக் கலையழகோடு செய்தேன் என்று இந்தியாவின் கலைஞர்களிடமே சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்று.

நிதி கேட்டு வந்த விருந்தாளி பேசிய பேச்சு இது. யாருடைய சாதியையும் தொடவில்லை, பணம் சேர்த்த வழியைப் பழிக்கவில்லை. வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்த பொருள்களைப் பற்றி மட்டும் பேசினார். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே யோசிக்கும்படி இருந்தது. நையாண்டிக்கு அன்பு ஆகாது என்று நினைப்பவர்களுக்கு இதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

இனி, சொல்லைப் பற்றி. இதுதான் எனக்கு முக்கியம். உங்கள் கேள்வியில் இதை வாலாக வைத்திருக்கிறீர்கள்; என்னைக் கேட்டால் இதுதான் தலை.

என் அப்பா தேவகோட்டையில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கு எழுதியவர். அந்தக் காலத்து வட்டிக்கடை எப்படி நடந்தது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலாளி இங்கே இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை. மேலாள் மூன்று வருஷக் கணக்கில் போவார். அதுவரை கடலைத் தாண்டி இங்கே வருவது கடிதமும் கணக்கும்தான். அந்த எழுத்தை நம்பித்தான் முதலாளி முடிவெடுக்கவேண்டும். அதனால் பேரேட்டில் ‘பணம் கொடுக்கப்பட்டது’ என்று யாரும் எழுதமுடியாது. யார் கொடுத்தார், யார் பேரில் பற்று, எந்தத் தேதி, எவ்வளவு, எதற்கு? இதில் ஒன்று குறைந்தாலும் அது பதிவே ஆகாது. கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்கும்போது காலணா உதைத்தாலும் உட்கார்ந்து தேடுவார்கள். அப்பா ராத்திரி பத்து மணிக்கு அரிக்கேன் விளக்கில் ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் அரசியல் தமிழை அந்தப் பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘வீடுகள் அகற்றப்பட்டன.’ அகற்றியது யார்? ‘அசம்பாவிதம் ஏற்பட்டது.’ அதுவாக ஏற்பட்டதா? ‘லேசான தடியடி நடத்தப்பட்டது.’ லேசு என்பதை அளந்தது அடித்தவரா, அடி வாங்கியவரா? ‘கட்டணச் சீரமைப்பு’ என்பார்கள். நாற்பது ரூபாய் ஐம்பது ரூபாயானால் அதற்குத் தமிழில் உயர்வு என்று ஒரு சொல் இருக்கிறது. நம் மொழியில் ‘படு’வும் ‘ஏற்பட்டது’ம் இதற்கு ரொம்பவும் தோதாக அமைந்துவிட்டன. செய்தவன் பெயர் இல்லாமலே ஒரு முழு அறிக்கையை எழுதிவிடலாம், இலக்கணப் பிழை ஒன்றும் வராது. உங்கள் ஊர்ப் பலகையையே பாருங்கள்: ‘பணி நிறைவடைந்தது’ என்கிறது. பணி தானே நடந்து தானே நிறைவடைந்திருக்கிறது. செய்தவர் யார், எந்தத் தேதியில், எவ்வளவு செலவு, எத்தனை அடி ஆழம், ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா அந்தப் பலகையைக் கணக்கில் ஏற்றியிருக்கமாட்டார்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஆங்கிலத்துக்கு இதையே எழுதினார். பாதுகாப்பில்லாத கிராமங்கள்மேல் குண்டு போட்டு, மக்களை விரட்டி, குடிசைகளைக் கொளுத்திவிட்டு அதற்கு ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயர் வைக்கிறார்கள் என்றார். நமக்கு அந்த உதாரணம் தூரத்து விஷயம் இல்லை. 1987-ல் யாழ்ப்பாணத்துக்குப் போன இந்தியப் படைக்கும் அமைதி காக்கும் படை என்றுதான் பெயர். அங்கே குண்டுச் சத்தத்தில் உட்கார்ந்திருந்த தமிழர்கள் அந்தப் பெயரை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர்ப் பக்கமே ஒன்று உண்டு. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. அந்தக் கோயில் தேரின் வடத்தை யார் பிடிக்கலாம் என்பதில் ஆண்டுக்கணக்காக வழக்கும் தகராறும் இருந்தது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024-ல் மறுபடி ஓடியது. அத்தனை காலமும் பேச்சில் புழங்கியவை ‘மரபு’, ‘மரியாதை’, ‘சட்டம் ஒழுங்கு’ என்ற சொற்கள். மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. இன்னாரை இந்தக் கயிற்றைத் தொட விடவில்லை என்று சொன்னால் அது ஒரு வாக்கியம், அதில் ஆள் இருக்கிறார். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இந்த மூன்று சொற்களும் அவ்வளவு உழைத்தன. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமை என்ற சொல்லை நேராகவே எழுதி ஒழிக்கிறது. எழுதியவர்களுக்குச் சொல்லின் அருமை தெரிந்திருந்தது.

அதற்காகச் சொல்லை மாற்றுவதெல்லாம் மோசடி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி ஆக்கினார்கள். அது நல்ல மாற்றம். 2011-க்குப் பிறகு அரசுத் திட்டங்களில் ‘இலவச’ என்பதை எடுத்துவிட்டு ‘விலையில்லா’ என்று போட்டார்கள். வாங்குகிறவரைப் பிச்சைக்காரர் மாதிரி பேசும் வாய்களை அது கொஞ்சம் அடைத்தது என்பதில் எனக்குச் சந்தோஷம். பணம் யாருடையது என்பதை அந்தச் சொல்லும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். புதுச்சொல் யாரைக் காப்பாற்றுகிறது? பாதிக்கப்பட்டவரின் மானத்தையா, பாதிப்பைச் செய்தவரின் பெயரையா?

இப்போது உங்கள் நண்பரின் ‘துரோகி’. மறைக்கிற சொல் ஒரு பக்கம் கெடுதல் என்றால், ஊதிப் பெருக்குகிற சொல் இன்னொரு பக்கம் அதே அளவு கெடுதல். ஊருணி வேலையில் கோளாறு செய்தவர் துரோகி என்றால், நாட்டை விற்றவனை என்ன சொல்லி அழைப்பீர்கள்? இனப்படுகொலை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆங்கிலச் சொல்லை ரபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் 1944-ல்தான் உருவாக்கினார். 1948-ல் ஐ.நா. அதற்குச் சட்ட வரையறை கொடுத்தது: ஒரு இனத்தை, மதக்குழுவை, தேசியக் குழுவை முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் செயல். நோக்கம் என்ற அந்த ஒன்றை நிரூபிக்க மக்கள் எத்தனை வருஷம் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள் தெரியுமா? அந்தச் சொல்லைத் தேர்தல் மேடையில், கல்லூரிக் கட்டணம் ஏறியதற்கும் கடை மூடியதற்கும் எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. அவர்களிடமிருந்து அந்தச் சொல் திரும்பி வரும்போது அதில் எடை இருக்காது. அது நிஜமாகத் தேவைப்படுகிறவர்களின் கையில் வெறும் சக்கை மிஞ்சும்.

இது நையாண்டிக்கும் நேரான ஆபத்து. பபூன் செய்ததை மறுபடி பாருங்கள். ‘இருப்பு உள்ளது’ என்ற சொல்லுக்கும் காலி மூட்டைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான் அவர் காட்டினார். சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் இருந்ததால்தான் அந்த இடைவெளி தெரிந்தது. எல்லாரும் எல்லாரையும் துரோகி, சர்வாதிகாரி, கொலைகாரன் என்று கத்திக்கொண்டிருக்கிற ஊரில் சொல்லுக்கும் பொருளுக்கும் உறவே இல்லை. அங்கே இடைவெளியைக் காட்ட எதைக் கொண்டு அளப்பீர்கள்? அதனால்தான் சொல்கிறேன், நையாண்டி எழுதுகிறவன் மற்றவர்களைவிடச் சொல்லில் கறாராக இருக்கவேண்டும்.

எதிர்க்கருத்தை எப்படிப் பேசுவது என்பதற்கு காரைக்குடிக்காரர்கள் வெளியே போய்ப் படிக்கவேண்டியதில்லை. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழக மேடையில், வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று ராமனையே கேள்வி கேட்டுப் பேசி வளர்ந்தவர்கள் நாம். அதில் எதிரணியின் வாதத்தைக் கிழிக்கலாம், எதிரணிக்காரரைக் கிழிக்கக்கூடாது. பக்கத்துக் குன்றக்குடியில் அடிகளார் மடத்தின் தலைவர். பெரியார் கடவுள் இல்லை என்றவர். இருவருக்கும் அடிப்படையிலேயே ஒத்துவராது. ஆனாலும் பெரியார் அவரை மகாசந்நிதானம் என்றுதான் அழைத்தார். அந்த மரியாதையால் பெரியாரின் நாத்திகம் துளியும் குறையவில்லை.

இதையெல்லாம் நான் தவறு செய்துதான் படித்தேன். இருபத்திரண்டு வயதில் நாங்கள் நாலு பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஊரில் ரோடு போட்ட கணக்கில் குளறுபடி. பொறுப்பில் இருந்தவரைக் கேலி செய்து நான் ஒரு பக்கம் எழுதினேன். அவருக்குத் திக்குவாய். அவர் பேசுவதாக எழுதிய ஒவ்வொரு வரியையும் திக்கித் திக்கியே எழுதினேன். வாசகசாலையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவருடைய மகள் என் தங்கையோடு படித்தாள். ஒரு வாரம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தங்கை வந்து என்னிடம் அதைச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டார். ரோட்டுக் கணக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? யாருமே கேட்கவில்லை. எல்லாரும் திக்குவாயைப் பற்றியே பேசினார்கள். தப்புச் செய்தவருக்கு ஊரின் அனுதாபத்தை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒருநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக இருந்தார். ரோட்டைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்கு, எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்தது. யார் பெயரும் அதில் இல்லை. சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பி ஓரிரு நாளில் விடுவித்தார்கள். அவர் வழக்கை விடவில்லை. 1994-ல் உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. தொகை சின்னது, தீர்ப்பு பெரியது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஆனால் அவதூறுச் சட்டம் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. அதன் விளக்கத்திலேயே, நேராகச் சொல்லாமல் எதிர்மறையாக, வஞ்சப் புகழ்ச்சியாகச் சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று இருக்கிறது. ‘கேலிக்குத்தானே சொன்னோம்’ என்பது தப்பிக்கும் வழி இல்லை. அதே பிரிவு, பொது ஊழியர் தன் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்றும் சொல்கிறது. அதாவது அவர் வேலையைப் பற்றிப் பேசலாம். வீட்டைப் பற்றியும், கையில் ஆதாரம் இல்லாத தொகையைப் பற்றியும் பேசக்கூடாது.

இப்போது உங்கள் பிரதி. மீன்குஞ்சு விடும் காட்சி அருமை. சிறப்பு விருந்தினர் குடை பிடித்து வறண்ட ஊருணிக்குள் இறங்குகிறார், பலகையில் உள்ள வாசகத்தையே உரையாகப் படிக்கிறார், வெடித்த தரையில் மீன்குஞ்சு விடுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. அந்த உரையில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். பலகையில் என்ன இருக்கிறதோ அதையே, எழுத்துப் பிசகாமல் வையுங்கள். நடிக்கும் தம்பி சிரிக்கக்கூடாது, கண்ணடிக்கக்கூடாது. ஔவை செய்த வேலை அது.

எடுக்கச் சொல்வது எவை என்றால், முதலாவது, தலைவர் வேடத்துக்குத் தொந்தி கட்டி, அவர் வீட்டுப் பேச்சுவழக்கில் பேசவைத்து, அவர் மனைவியையும் கொண்டுவரும் காட்சி. தொந்தி தூர்வாரவில்லை என்று யாரும் வழக்குப் போடவில்லை. பேச்சுவழக்கைக் கேலி செய்தால் அந்தப் பேச்சைப் பேசுகிற ஒரு தெருவே உங்கள் எதிரில் போய் உட்காரும். அதற்கப்புறம் ஊருணிப் பிரச்சினை சாதிப் பிரச்சினை ஆகிவிடும், அதை அணைக்க உங்களால் ஆகாது. அந்த அம்மா பாவம், இதில் எங்கே வந்தார்? இரண்டாவது, ‘பத்து லட்சத்தை முழுங்கிய துரோகி’ என்று நண்பர் எழுதிய வசனம். பத்து லட்சம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதென்றால் அது வதந்தி. தெரியுமென்றால் அதை நாடகத்தில் ஏன் வீணாக்குகிறீர்கள், பேப்பரோடு வாருங்கள்.

பேப்பருக்கு வழி இருக்கிறது, பெரியப்பா சொன்னது இங்கேதான் வருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஊராட்சிக்கு ஒரு மனு போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். ஊருணி வேலையின் மதிப்பீடு, செலவான தொகை, அளவுப் புத்தகத்தின் நகல், வேலை முடிந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘ஊழல் பற்றி விவரம் தரவும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. பேரேட்டுக்காரர் மாதிரி கேளுங்கள். தமிழ்நாட்டில் கிராமசபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. நாடகம் பார்த்துச் சிரித்தவர்களில் ஐம்பது பேர் அடுத்த கூட்டத்துக்கு வந்து, இதே கேள்விகளைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லட்டும். மனுவைப் பெரியப்பாவையே எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்தும் முதலில் இருக்கட்டும்.

இன்னொன்று. யாராவது கைபேசியில் படம் பிடித்துப் பத்து விநாடியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விடுவார்கள். மீன்குஞ்சு விடும் துண்டு மட்டும் போனால், நிஜமாகவே ஊருணியில் மீன் விட்டார்கள் என்று நம்புகிறவர்களும் இருப்பார்கள். அதனால் பலகையும் வெடித்த தரையும் எந்தக் கோணத்திலும் தெரியும்படி மேடையை அமையுங்கள். நாடகத்தின் பெயரையும் பின்திரையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

நண்பரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கோபம் நியாயமானது; அந்தக் கோபத்தோடு அவரையே சிறப்பு விருந்தினராக நடிக்க வையுங்கள். கோபத்தை அடக்கிக்கொண்டு பலகையைப் படிக்கிறவன் குரலில் ஒரு நடுக்கம் வரும். அது நடிப்பில் வராது.

திருவிழாத் தேதி முடிவானதும் சொல்லுங்கள், தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.